கண்ணாடியில் தங்கிய பச்சை

திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்த நாளில் எடுக்கப்பட்ட படம் அது. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால், முகூர்த்த நாள் என்றால் அங்கே கோயில் வாசலில் ஒரு ஜோடியை இன்னொரு ஜோடி இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். அந்த நெரிசலில் தாலி கட்டி முடித்து, பக்கத்து மண்டபத்துக்கு வந்து, மணமகள் அறையின் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, நகர்ந்துபோன நெற்றிச்சுட்டியை வலக்கையால் சரிசெய்துகொண்டிருக்கிறாள் அந்தப் பெண். படமெடுத்தவர் அவளுடைய தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒதுங்கி நின்றிருக்கிறார். உயர்த்திய கையும் பக்கவாட்டு முகமும் கூர்மையாகவும், கண்ணாடிக்குள் தெரியும் உருவம் மங்கலாகவும் விழுந்திருக்கின்றன. நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே இப்படி ஒன்று தானாக அமைந்துவிடும். பெரிதாக்கி மாட்டுவதற்கு அவள் இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் நான் ஆல்பம் வடிவமைப்பும், படங்களிலுள்ள குறைகளைத் திருத்தும் டச்சிங் வேலையும் செய்கிறேன். பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பும் படங்கள்தான் வரும். படத்தில் இருப்பவர் நேரில் வருவது அரிது. இந்தப் பெண் திருமணமாகி இரண்டு மாதம் கழித்து, பென்டிரைவை எடுத்துக்கொண்டு தானே படியேறி வந்தாள்.

“அண்ணே, ஆல்பத்துல இருக்கறது அப்படியே இருக்கட்டும். அம்மாச்சி வீட்டுல மாட்டுறதுக்கு ஒண்ணு பெருசாப் போடணும். அதுல மட்டும் கைல இருக்கற டாட்டூவ எடுத்துரணும்.”

காரணம் கேட்பது என் வழக்கமல்ல. எதற்குப் பயன்படப்போகும் படம் என்று மட்டும் கேட்பேன். பாஸ்போர்ட்டுக்கோ அரசாங்க அடையாள அட்டைக்கோ போகிற படமாக இருந்தால் முகத்திலும் கழுத்திலும் உள்ள எதையும் நான் தொடுவதில்லை. மச்சத்தையோ எந்தப் படத்திலும் தொடுவதில்லை. எனக்குத் தொழில் கற்றுத்தந்த முதலாளி, பருவைத் துடை, மச்சத்தைத் தொடாதே என்பார். பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதிவைத்திருப்பதை நீ அழித்துவிட்டால் அந்த ஆளையே அழித்த மாதிரி என்பது அவருடைய வாதம். இந்தப் பெண்ணோ நான் கேட்காமலே காரணத்தைச் சொன்னாள். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அவளுடைய அம்மாச்சி, பச்சை தெரிகிற படத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“அது கைலயே முழங்கை வரைக்கும் குத்தியிருக்கும்ணே. கேட்டா, அது கோலமாம். நான் குத்துனது கிறுக்கலாம்.”

அந்த வழக்குக்குள் நான் நுழையவில்லை. என் அம்மாவின் அம்மா கையிலும் அப்படி ஒரு கோலம் இருந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் இழைகள், அதற்குக் கீழே மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேள். ஊருக்குள் வரும் குறத்தியிடம் நெல் அளந்து கொடுத்துக் குத்திக்கொண்டதாகச் சொல்வார். விளக்குக் கரியைக் குழைத்த மை உள்ளே போகும்போது கறுப்பாகத்தான் போயிருக்கும். புண் ஆறிய பிறகு தோலின் வழியே அது பச்சையாகத் தெரிந்திருக்கிறது. கறுப்பு மையால் குத்தியதைப் பச்சை என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பதும், அதற்குள் ஒளியைப் பற்றிய ஒரு பாடம் இருக்கிறது என்பதும் இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் கழித்தே எனக்கு விளங்கின. அந்தக் கரித்துகள் தோலின் மேற்பரப்பில் இல்லை. மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில், ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கியிருக்கிறது. நீல ஒளி அவ்வளவு ஆழம் இறங்குவதற்குள் பெருமளவு சிதறித் திரும்பிவிடுகிறது; சிவப்பு ஒளி ஆழம்வரை இறங்கி அங்கே கரியிடம் மாட்டிக்கொள்கிறது. திரும்பி வருகிற ஒளியில் சிவப்புக் குறைந்துபோவதால், கறுப்பு நம் கண்ணுக்குப் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது.

டாட்டூவைப் படத்திலிருந்து எடுப்பவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த ஆழக் கணக்கைத்தான். மை கீழே இருக்கிறது. தோலின் துளைகள், மெல்லிய வரிகள், பூனைமுடி, வியர்வையின் மினுமினுப்பு ஆகிய எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றன. அவை படத்திலும் பழுதில்லாமல் பதிவாகியிருக்கின்றன. பச்சை தெரிகிற இடத்தின் மேல் வேறு இடத்துத் தோலை வெட்டி ஒட்டினால், மையோடு சேர்த்து அந்தப் பெண்ணின் சொந்தத் தோலையும் நாம் மூடிவிடுகிறோம். தரையில் படிந்த கறையைத் துடைக்கச் சோம்பிப் பாயை இழுத்து விரித்துவிடுகிற வேலை அது. பாய் விரித்திருப்பது வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகாது.

எனக்கு இது ஒரு மாப்பிள்ளையின் கையால் புரிந்தது. தோளிலிருந்து முழங்கை வரை சிங்கத்தின் முகம் குத்தியிருந்தார். 2010-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்5 பதிப்போடு வந்த கன்டென்ட் அவேர் ஃபில் என்ற வசதி அப்போது எனக்குப் புதிது. சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தானே பொறுக்கியெடுத்து, நாம் குறித்த இடத்தை அது நிரப்பிவிடும். சிங்கத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஒரே அழுத்தில் காரியத்தை முடித்து, பெருமையோடு அனுப்பிவைத்தேன். மறுநாள் ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தது. கையில் முடி ஓரிடத்தில் கீழ்நோக்கியும் அடுத்த விரற்கடையில் குறுக்காகவும் ஓடியது, அதைக்கூட மன்னிக்கலாம். ஒரே தோளில் இரண்டு தடுப்பூசித் தழும்புகள் இருந்தன.

ஆகவே இந்தப் பெண்ணின் படத்தில் அந்த வழிக்குப் போகவில்லை. கோப்பு 6000 × 4000 புள்ளிகள் கொண்டது, அதாவது 24 மெகாபிக்சல். 20 × 30 அங்குல அளவில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் கிடைக்கும். நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்கிற சுவர்ப் படத்துக்கு அது போதும். ஆனால் அந்த அளவில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையுள்ள கை ஓர் ஆளின் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாகி நிற்கும் என்பதால், ஆல்பத்தில் மறைந்துவிடக்கூடிய ஏமாற்று எதுவும் இங்கே செல்லுபடியாகாது.

டாட்டூ ஒரு மயிலிறகு. கறுப்புக் கோடுகளால் மட்டும் வரைந்தது. தண்டு முழங்கைப் பக்கம் தொடங்கி, கையைச் சுற்றி வளைந்து, நுனி மணிக்கட்டின் உள்பக்கமாக முடிகிறது. இதில் மூன்று சிக்கல்கள் இருந்தன. மருதாணி மணிக்கட்டைத் தாண்டி ஏறி இறகின் மேலேயே கொடியாகப் படர்ந்திருந்தது. கையை உயர்த்தியதால் பதினொரு பச்சைக் கண்ணாடி வளையல்களும் சரிந்து வந்து இறகின் நடுவில் நின்றிருந்தன. சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்ததால் கையின் ஒரு விளிம்பு வெளுத்தும் மறு விளிம்பு இருண்டும் இருந்தது. மருதாணிப் பூவில் ஓர் இதழ் மாறினாலும் அதை வைத்துவிட்ட அக்காவோ தங்கையோ கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே மருதாணி கெடாமல் மையை மட்டும் எடுக்க வேண்டும்.

இங்கே தோலே உதவிக்கு வந்தது. மருதாணி தோலின் மிக மேலான, உதிர்ந்துபோகிற அடுக்கில் ஏறுகிற செம்பழுப்புச் சாயம். டாட்டூ ஆழத்தில் கிடக்கிற நீலம் பாய்ந்த கறுப்பு. எந்தப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் கூட்டுத்தானே; ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து பார்த்தேன். நீலச் சேனலில் மருதாணிக் கொடி கரியால் வரைந்ததுபோல் எழுந்து நின்றது. இறகு இருண்ட தோலோடு கலந்து பாதி காணாமல் போயிருந்தது. சிவப்புச் சேனலைத் திறந்ததும் நேர்மாறு. மருதாணி ஈரம் காய்ந்த தடம்போல் மங்கிவிட, வெளுத்த கையின் மேல் மயிலிறகு மட்டும் இழை இழையாகக் கறுத்துத் தெரிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே கை, இரண்டு ஓவியங்கள், ஒன்றை ஒன்று தொடாமல்.

அந்தச் சிவப்புச் சேனலைப் பிரதியெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் புரட்டி, கறுப்பு வெள்ளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் இழுத்து மருதாணியின் மிச்சத்தைக் கறுப்புக்குள் தள்ளினால், டாட்டூவுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாஸ்க் தயார். மாஸ்க் என்பது மாற்றத்தை வெள்ளை இருக்கிற இடத்தில் மட்டும் விழவிட்டு, கறுப்பு இருக்கிற இடத்தில் தடுக்கிற மறைப்பு. பச்சை வளையல்களும் சிவப்புச் சேனலில் கறுப்பாகவே தெரியும் என்பதால் அவையும் மாஸ்க்குக்குள் புகுந்துகொண்டன. அவற்றை பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகக் கையாலேயே அடைத்தேன். பிறகு, ஒரு கோட்டை வளைத்து ஒவ்வொரு நிறத்தையும் ஏற்றி இறக்க உதவும் கர்வ்ஸ் லேயர் என்ற அடுக்கு ஒன்றைப் படத்தின் மேல் இந்த மாஸ்க்கோடு வைத்து, சிவப்பை நன்றாகவும் பச்சையைக் கொஞ்சமாகவும் உயர்த்தி, நீலத்தை ஏறக்குறைய இருந்தபடியே விட்டதில், முக்கால்வாசி இறகு கரைந்துவிட்டது. அதுவரை ஒரு புள்ளித் தோலைக்கூட வேறிடத்திலிருந்து நான் கொண்டுவரவில்லை.

மிச்சம் இருந்தது இறகின் பேய். மையின் கோடுகள் இருந்த இடமெல்லாம் மெல்லிய சாம்பல் நிழலும், கோட்டு விளிம்புகளில் ஊசிமுனைபோன்ற தடமும் தங்கியிருந்தன. இந்தக் கட்டத்துக்குத்தான் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்ற முறை. அடுப்படியில் மாவையும் ரவையையும் சல்லடையில் பிரிப்பதுபோல, படத்தின் நிறத்தையும் நிழலையும் ஒரு லேயரிலும், நுணுக்கமான தோல் வேலைப்பாட்டை இன்னொரு லேயரிலும் பிரித்து வைப்பது. படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழ்ப் பிரதியில் படத்தை மங்கலாக்கும் காசியன் பிளர் கொடுக்க வேண்டும். மேல் பிரதியில் அப்ளை இமேஜ் என்ற கட்டளை வழியாகக் கீழ்ப் பிரதியைக் கழிக்க வேண்டும். 8 பிட் படம் என்றால் முறை சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பின்னர் மேல் லேயரை லீனியர் லைட் என்ற கலப்பு முறைக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்து பழைய படமே திரும்பக் கிடைக்கும். 16 பிட் படத்துக்குக் கணக்கு வேறு: இன்வெர்ட் போட்டு, ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0.

சல்லடைக் கண்ணின் அளவுதான் இதில் அனுபவம். பிளர் அளவைக் கூட்டிக்கொண்டே போய், தோல் துளைகள் மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தப் படத்தில் அது 7 புள்ளியில் நின்றது. 20, 30 என்று ஏற்றிவிட்டால் மையின் கோடு முழுவதும் மேல் லேயருக்கு ஏறிவிடும், பிரித்ததற்குப் பயனில்லை. இணையத்தில் இந்த முறையை மந்திரம்போல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கோட்டின் கூர்மையான விளிம்பு எப்படிச் சலித்தாலும் கொஞ்சம் மாவிலும் கொஞ்சம் ரவையிலுமாக இரண்டு பக்கமும் விழும். ஆகவே கீழ் லேயரில் சாம்பல் நிழலை மென்மையான பிரஷ்ஷால் பக்கத்து நிறத்தைத் தொட்டுத் தொட்டு நிரப்பிய பின்னும், மேல் லேயரில் விளிம்புத் தடங்களை ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வுள்ள இடத்திலிருந்து மட்டுமே மாதிரி எடுத்தேன். இரண்டு தழும்பு மாப்பிள்ளை கற்றுத்தந்த பாடம்.

ஹீலிங் பிரஷ் 2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்தது. நான் முதலாளியிடம் சேர்ந்தபோது அவர் அதை நம்பவில்லை. குளோன் ஸ்டாம்ப்பிலேயே எல்லாவற்றையும் முடிப்பார். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பென்சில் முனையால் டச்சிங் செய்து பழகிய கை அவருடையது. ஸ்டாம்ப் எடுத்ததை எடுத்தபடியே வைக்கும். ஹீலிங்கோ தோல் வேலைப்பாட்டை மட்டும் எடுத்துவந்து, வைக்கிற இடத்துச் சுற்றுப்புற நிறத்துக்கு அதைக் கரைத்துவிடும். அவர் நம்பாததில் பாதி சரிதான். சுற்றுப்புறத்தில் மையோ வளையலோ இருந்தால் அந்தக் கறுப்பையும் சேர்த்து ஹீலிங் உள்ளே இழுத்து ஈஷிவிடும். வளையல்களுக்கு இடையே இருந்த பத்து இடுக்குகளிலும் அதனால் ஸ்டாம்ப்பைத்தான் எடுத்தேன். சில இடுக்குகள் நான்கு புள்ளி அகலம்கூட இல்லை. வளையலின் பச்சை ஒளி தோலில் விழுந்து லேசாக நிறம் ஏறியிருந்ததையும் அப்படியே விட்டுவைத்தேன். அதையும் துடைத்திருந்தால் வளையல்கள் கையில் இல்லாமல் காற்றில் நின்றிருக்கும்.

இவ்வளவும் எதற்கு, இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2023 முதல் ஃபோட்டோஷாப்பிலேயே ஜெனரேட்டிவ் ஃபில் இருக்கிறது; இந்தப் படத்தின் கைப்பகுதியைச் சோதித்தும் பார்த்தேன். இறகு நொடியில் போயிற்று. கூடவே மருதாணிக் கொடியும் போய், அந்த இடத்தில் எந்தச் செடியிலும் பூக்காத பூ ஒன்று முளைத்திருந்தது. தோல் மெழுகு தடவிய மாதிரி இருந்தது. அந்த வேலை நம் கணினியில் நடப்பதில்லை, படத்தின் பகுதி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் வருகிறது என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி, அனுமதி கேட்ட பிறகே சோதித்தேன். வெறும் சுவர், வானம், புல்தரை என்றால் எனக்கும் அதில் மறுப்பில்லை. பணம் கட்டி மென்பொருள் வாங்க இயலாதவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அது படத்தை இரண்டாக மட்டுமல்லாமல் பல சல்லடைகளில் பிரித்துத் தரும்.

வேலை முடிந்ததும் நான் செய்கிற சோதனை ஒன்றுண்டு. மேலே ஒரு கர்வ்ஸ் லேயரை வைத்து, கோட்டை மேலும் கீழுமாக அலைபோல் வளைத்துவிட்டால் படம் கோரமான நிறங்களுக்கு மாறும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத திட்டுகள் அதில் படைபோல் எழுந்து நிற்கும். முழங்கைக்குப் பக்கத்தில் இரண்டு திட்டுகள் கிடைத்தன, சரிசெய்தேன். தொட்ட இடங்களில் மட்டும் படத்தின் இயல்பான மணல்தன்மை குறைந்திருந்ததால் மிகச் சிறிய அளவில் நாய்ஸ் சேர்த்தேன். படத்தைக் கிடைமட்டமாகப் புரட்டியும் பார்த்தேன். மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. 200 சதவீத ஜூமில் அந்தக் கை அப்பழுக்கில்லாமல் இருந்தது. பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, ஃபிரேமும் போட்டாயிற்று. அந்தப் பெண் விரலால் கையைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டு எடுத்துப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

“அண்ணே, அம்மாச்சி கண்டுபிடிச்சிருச்சுண்ணே.”

“என்னத்தம்மா?”

“கண்ணாடியப் பாருங்கண்ணே.”

கோப்பைத் திறந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படத்தின் இடப்பக்கத்தை 200 சதவீதத்தில் பார்த்தேன். நிலைக்கண்ணாடிக்குள் அவளுடைய கையின் மறுபக்கம் தெரிந்தது. இறகின் தண்டு இருக்கிற பக்கம் கேமராவைப் பார்த்திருக்கிறது. நுனி இருக்கிற உள்பக்கம் கண்ணாடியைப் பார்த்திருக்கிறது. தண்டை நான் எடுத்துவிட்டேன். நுனி கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது. கண்ணாடிக்குள் தெரியும் உருவத்துக்கான ஃபோக்கஸ் தூரம் கண்ணாடி இருக்கிற தூரம் மட்டுமல்ல. கேமராவிலிருந்து கண்ணாடி வரை ஒரு தூரம், கண்ணாடியிலிருந்து ஆள் வரை இன்னொரு தூரம், இரண்டும் கூட வேண்டும். நேரில் இருக்கும் கைக்கு ஃபோக்கஸ் வைத்து, லென்ஸின் வாயையும் அகலத் திறந்து எடுத்ததால், அந்த உருவம் முழுவதும் கலங்கிப்போயிருந்தது. இறகு இறகாக இல்லாமல் ஊதா நிறத் தீற்றலாக இருந்தது. கன்றிப்போன கைபோல.

அம்மாச்சிக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. கல்யாணத்தன்னைக்கு என் பேத்தி கை ஏன் கன்னிப்போயிருக்கு, யாரு பிடிச்சு இழுத்தது என்று சத்தம் போட்டிருக்கிறார். போன வருடம்தான் அரவிந்த் கண் மருத்துவமனையில் இரண்டு கண்ணுக்கும் புரை அறுவைச் சிகிச்சை முடிந்திருந்ததாம். அந்தக் கண்ணுக்கு எதிரில் என் மூன்றரை மணி நேரம் நிற்கவில்லை. பேத்தி உண்மையைச் சொன்னதும், சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அம்மாச்சி சொன்னது வேறு.

“காசு வாங்குனான்ல? அப்ப முழுசா அழிக்கச் சொல்லு.”

நியாயமான பேச்சு. கண்ணாடிக்குள் இருந்ததை எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோக்கஸ் இல்லாத இடத்தில் தோல் வேலைப்பாடே இல்லாததால் சலிப்பதற்கு எதுவுமில்லை. கர்வ்ஸில் ஊதாவைத் தணித்து, பக்கத்து நிறத்தை மென்மையான பிரஷ்ஷால் இரண்டு முறை வருடி, நாய்ஸ் சேர்த்ததோடு முடிந்தது. சரிசெய்த நேர்க் கையைப் புரட்டி அங்கே வைத்துவிடலாம் என்ற சோம்பேறி எண்ணம் வந்ததுதான்; கண்ணாடி காட்டுவது கையின் வேறொரு பக்கத்தை, வேறொரு வெளிச்சத்தில் என்பதால் அது உதவாது. இப்போதெல்லாம் டாட்டூ எடுக்கும் வேலை வந்தால், கையைத் தொடுவதற்கு முன்னால் படத்தை முழுதாகத் திரையில் வைத்து, பளபளப்பான பொருள் ஒவ்வொன்றையும் பார்த்துவிடுகிறேன்: குத்துவிளக்கின் தண்டு, பித்தளைச் செம்பு, மண்டபத்துக் கிரானைட் தரை, அலங்கரித்த காரின் கதவு, மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி. போன மாதம் ஒரு காரின் கதவில் ஒரு தேள் கிடைத்தது.

புதிய பிரிண்டையும் லேமினேஷனையும் என் செலவில் போட்டுக்கொடுத்தேன். ஃபிரேமைக் கழற்றி மாட்டிய கூலியை மட்டும் அந்தப் பெண் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தாள். அம்மாச்சி படத்தைத் திண்ணை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து, கண்ணாடிக்குள்ளும் வெளியிலும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டாராம்: “கைக்குப் பன்னெண்டு வளையல் நாந்தானே வாங்கிப் போட்டேன். இதுல பதினொண்ணுதானே இருக்கு? ஒண்ணையும் சேத்து அழிச்சுப்புட்டானா?”

மடமடவென்று மூலக் கோப்பைத் திறந்து, கை படாத அந்தப் படத்தில் வளையல்களை எண்ணினேன். அதிலும் பதினொன்றுதான். கோயில் நெரிசலில் ஒன்று உடைந்திருக்கிறது.